இரண்டு இடாப்புகள்

நான் பாடசாலைக்குச் சென்ற முதல் நாளில், வகுப்பிலே இருந்துகொண்டே வரவில்லை எனப் பதியப்பட்டேன். ஆசிரியை இடாப்பை விரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து விடை கூறினர். என் பெயர் வாசிக்கப்பட்டபொழுது நான் வாளா இருந்தேன். அது என் பெயர் என்பதை அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் ஒழுங்கையிலும் எனக்கு வழங்கிய பெயர் வேறு. பிறப்புச் சான்றிதழிலிருந்து இடாப்புக்கு ஏறிய பெயர் வேறு. இடைவேளையில் அம்மம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, வாயிலில் நின்று வீட்டுப் பெயரைச் சொல்லி அழைத்தபொழுதுதான் ஆசிரியைக்கு விடயம் விளங்கிற்று. அவர் சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் இட்ட அடையாளத்தை வெட்டித் திருத்தினார்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதே தவறை நான் இன்னொருவருக்கு இழைத்தேன். அவரும் வந்து இருக்கையில் அமர்ந்திருந்தார். அவரையும் இடாப்பு அறியவில்லை. அவருக்காக வாயிலில் வந்து நின்று பெயர் சொல்லி அழைப்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை. அந்தத் தவறு நிகழ்ந்த வரலாற்றையும், அதனால் நான் கற்றுக்கொண்டதையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைப்பீட மாணவி ஒருத்தி யுனிக்ஸ் சேவையகத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த பெரியவர்கள் சிலர் கூடி நடத்தும் வாசிகசாலை ஒன்று கொட்டாஞ்சேனையில் உண்டு. அதன் கிளை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்குகின்றது. 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தோடு ஒப்பிடுமிடத்து எங்களுடையது ஒரு சிறு துளி. இரண்டு இடங்களிலும் சில பழைய கணினிகளும், அவற்றை இணைத்து நிற்கும் சேவையகம் ஒவ்வொன்றும் உள்ளன. விண்ணப்பம் தட்டெழுதுவோர், பழைய பத்திரிகைகளின் படிகளைப் பார்ப்போர், தம் எழுத்துகளைச் சேமித்து வைப்போர் எனப் பலரும் அங்கு வருவர். இவற்றைப் பராமரித்து வந்த அண்ணா ஒருவர் கனடாவுக்குச் சென்றபொழுது, ஓர் அப்பியாசக் கொப்பியில் குறிப்புகளை எழுதி என்னிடம் கையளித்தார். தமிழில் விரைவாகத் தட்டெழுதுவேன் என்பதைத் தவிர வேறு தகைமை எதுவும் அன்று என்னிடம் இருக்கவில்லை.

அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் இருந்தது இடாப்பைப் பற்றிய குறிப்பே. யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரின் முயற்சியால் உருப்பெறத் தொடங்கியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவது அதன் இயல்பாதலின், உள்ளே வரத்தக்கவர் யார் என்பதற்கு ஓர் இடாப்பு வேண்டியதாயிற்று. அந்த இடாப்பு இன்றும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றது. ஆளுக்கொரு வரி, வரிக்கு ஏழு கூறுகள், கூறுகளுக்கிடையே முக்காற்புள்ளி. பயனர் பெயர், கடவுச்சொல்லுக்குரிய இடம், ஆளுக்குரிய எண், குழுவுக்குரிய எண், முழுப்பெயர் முதலிய விபரம், வீடு, நுழைந்ததும் இயங்கவேண்டிய செயலி என்பன அவ்வேழு கூறுகளாம். வீடு என்பது நான் இட்ட பெயரன்று. பயனர் தம் கோப்புகளை வைத்திருக்கும் இடத்துக்கு யுனிக்ஸே வழங்கிய பெயர் அது.

இடாப்பைக் காப்பது எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. 1960களில் மசாச்சூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் இயங்கிய சி.ரி.எஸ்.எஸ். என்னும் முன்னோடி முறைமையில், ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றொருவர் அன்றைய அறிவித்தற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்தப் புக, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவர் முன்னிலையிலும் அன்றைய அறிவித்தலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன! இத்தகைய அனுபவங்களின் பயனாக, கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதிவைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. 1979ஆம் ஆண்டில் றொபேர்ட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்குகின்றது. கடவுச்சொல் மீட்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுகின்றது. அதற்குமுன் உப்பு எனப்படும் எழுந்தமானமான ஒரு சேர்க்கையும் அதனோடு கலக்கப்படுகின்றது. ஒரே சொல்லை இருவர் தெரிந்தெடுத்திருப்பினும் இடாப்பில் அவை வெவ்வேறாகத் தோன்றுவதற்கு அந்த உப்பே காரணம். சமையலறைச் சொல் ஒன்று கணினிக்குள்ளே புகுந்து இத்துணை பெரிய காவலைச் செய்கின்றது என்பதை வாசித்தபொழுதுதான் எனக்கு இத்துறையில் முதன்முதலாக விருப்பம் உண்டாயிற்று.

ஆயினும் ஏழு கூறுகளுள் மூன்றாவதாகிய எண்ணின் பொருளை நான் அன்று சரிவர உணரவில்லை. ஒரு கோப்பின் உரிமையாளர் எனச் சேமிப்புத் தட்டில் பதியப்படுவது எண்ணேயாகும். கோப்புகளைப் பட்டியலிடும்படி நாம் கேட்கும்பொழுது, கணினி இடாப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கு நேரேயுள்ள பெயரை எடுத்துக் காட்டுகின்றது. இடாப்பு மாறினால் பெயரும் மாறும், எண் மாறுவதில்லை. 0 என்னும் எண்ணை உடையவர் எந்தப் பெயரைத் தாங்கியிருப்பினும் அவரே அங்கு அனைத்தையும் ஆளும் ரூற் ஆவார். பெயரைக் கொண்டு ஆளை அறியும் நமக்கு இது சற்று விந்தையாகவே படும்.

கொட்டாஞ்சேனைச் சேவையகத்துக்கு ஓர் இடாப்பும் வெள்ளவத்தைச் சேவையகத்துக்கு ஓர் இடாப்புமாக இரண்டும் தனித்தனியே இருந்தன. கொட்டாஞ்சேனை வாசகர் வெள்ளவத்தைக்குச் சென்றால் அங்குள்ள சேவையகம் அவரை அறியாது. ஒருவருக்கு ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இரண்டு இடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என நிர்வாகக் குழு தீர்மானித்தது. நியாயமான தீர்மானந்தான். பெரிய நிறுவனங்கள் இத்தேவையை நெடுநாட்களுக்கு முன்னரே உணர்ந்திருந்தன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில், பல கணினிகளுக்கும் பொதுவான இடாப்பொன்றை வலையமைப்பின் வழியே வழங்கும் ஏற்பாட்டை உருவாக்கி, அதற்கு மஞ்சட் பக்கங்கள் எனப் பெயரிட்டது. பிரித்தானியத் தொலைபேசி நிறுவனம் அப்பெயர் தனக்குரிய வணிகக் குறியென உரிமை கொண்டிருந்தமையால், பின்னர் அது என்.ஐ.எஸ். என மாறியது. 1988ஆம் ஆண்டில் எக்ஸ்.500 என்னும் சர்வதேச நியமம் வெளியாயிற்று. அது மிகப் பாரமானதாக இருந்தமையின், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் ஹவ்ஸ் முதலியோர் இலகுவான வழியொன்றை வகுத்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எல்டாப் என இன்று வழங்குவது அதுவே. தொலைபேசி விபரக்கொத்தைப் போல, மேலிருந்து கீழாகக் கிளைத்துச் செல்லும் பொது இடாப்பு அது.

வீட்டு இடாப்பையும் பொது இடாப்பையும் ஒரே சேவையகத்தில் இணைப்பது எங்ஙனம்? கணினி அங்கே இரண்டு வினாக்களைக் கேட்கின்றது. முதலாவது, இப்பெயருடையவர் யார் என்பது. இரண்டாவது, வந்திருப்பவர் மெய்யாகவே அவர்தாமா என்பது. முதல் வினாவுக்கு எந்த இடாப்பை முதலில் பார்ப்பது, அதில் இல்லாவிடின் அடுத்து எதனைப் பார்ப்பது என்னும் ஒழுங்கு, ஒரு சிறு கோப்பில் ஒரே வரியாக எழுதப்பட்டிருக்கும். முதலில் வீட்டு இடாப்பு, அடுத்துப் பொது இடாப்பு என எழுதுவதே பெருவழக்கு. ஒரே பெயர் இரண்டிலும் இருப்பின், முதலிற் கண்டதே கொள்ளப்படும், மற்றையது மறைந்துவிடும். இரண்டாம் வினாவுக்குரிய காவல் பாம் எனப்படும் அடுக்கினுடையது. 1995ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தார் முன்வைத்த முறை அது. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே போதுமானது, கட்டாயமானது என்பன போன்ற குறிப்புகள் இருக்கும். வீட்டு இடாப்புச் சோதனையில் தேறினாலே போதும் என எழுதலாம். இரண்டிலும் தேறியே ஆகவேண்டும் எனவும் எழுதலாம். ஒரு சொல் மாறினால், நேற்றுவரை வந்துபோனவர் இன்று வாயிலில் நிற்பார்.

இவை யாவற்றையும் நான் ஒருவாறு விளங்கிக்கொண்டேன். கொட்டாஞ்சேனைச் சேவையகத்தில் பொது இடாப்பை நிறுவினேன். அங்கு வாசகர் தொகை அதிகமாதலால், அவ்விடாப்பிலுள்ள பெயர்களையும் எண்களையும் உள்ளவாறே பொது இடாப்புக்கு மாற்றினேன். வெள்ளவத்தை வாசகர்கள் மின்னஞ்சல் முகவரியுடன் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும் என அறிவித்தல் ஒட்டினேன். அங்கு 41 பெயர்கள் இருந்தன. 34 பேர் படிவம் தந்தனர். மிகுதி எழுவரும் வாசிகசாலையை விட்டு நீங்கியவர்கள் என நானே முடிவு செய்தேன். ஒரு மாலைப்பொழுதில் வெள்ளவத்தை வீட்டு இடாப்பிலிருந்து 41 வரிகளையும் அழித்தேன். இரட்டை வேலை ஒழிந்தது என்ற பெருமிதத்தோடு அன்று பஸ் ஏறி வீடு திரும்பியது இன்றும் நினைவிருக்கின்றது.

எழுவருள் ஒருவரை எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைப்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர். மகளோடு தங்குவதற்காக மூன்று மாதம் மட்டக்களப்புக்குச் சென்றிருந்தார். மின்னஞ்சல் முகவரி அவருக்கு இல்லை. அறிவித்தலை அவர் பார்க்கவும் இல்லை. ஜம்பட்டா வீதியில் தாம் வாழ்ந்த காலத்தைப் பற்றி அவர் நெடுநாளாக எழுதிவந்தார். முதலில் கொப்பிகளில் எழுதியிருந்தாராம். அவை 1983 யூலையில் வீட்டோடு எரிந்தன. பின்னர் வெள்ளவத்தையில் குடியேறி, வயது முதிர்ந்த காலத்தில், எங்கள் வாசிகசாலைக் கணினியில் இரண்டாம் முறையாக அதனை எழுதத் தொடங்கியிருந்தார். சனிக்கிழமைதோறும் வந்து ஒரு பக்கம், இரண்டு பக்கம் என எழுதிச் செல்வார்.

திரும்பி வந்த முதற் சனிக்கிழமை அவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். நுழைவு தவறு எனக் கணினி கூறிற்று. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். இப்படியொரு பெயரே இங்கில்லை என்பதையும், பெயர் உண்டு கடவுச்சொல்தான் பிழை என்பதையும் யுனிக்ஸ் வேறுபடுத்திச் சொல்வதில்லை. வேறுபடுத்திச் சொன்னால், எந்தெந்தப் பெயர்கள் உள்ளன என்பதைத் திருடர் அறிந்துகொள்வர் என்பது அதற்குக் காரணம். நல்ல காரணந்தான். ஆயினும் மாஸ்ரருக்கு அது வேறு பொருள் தந்தது. தாம் அழிக்கப்பட்டிருக்கலாம் என அவர் நினைக்கவில்லை. தம் ஞாபகந்தான் அழியத் தொடங்கிவிட்டது என நினைத்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்து, தாம் எப்போதோ பயன்படுத்திய சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மூன்றாம் சனிக்கிழமை நான் அங்கிருந்தேன்.

“பிள்ளை, கடவுச்சொல்லை மறந்துபோனன் போலை கிடக்குது. வயது போகுது, என்ன செய்யிறது? ஒருத்தரிட்டையும் சொல்லாதையுங்கோ” என்று அவர் தாழ்ந்த குரலிற் கூறினார்.

அவர் மறக்கவில்லை, நான்தான் அழித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு அப்பொழுது நா எழவில்லை. பார்த்துச் சொல்கிறேன் மாஸ்ரர் எனக் கூறி அனுப்பிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை இன்றும் நினைந்து வெட்கப்படுகின்றேன்.

அதே கிழமையில் உயர்தர வகுப்பில் பயிலும் தங்கை ஒருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து ரியூசனுக்காக வெள்ளவத்தைக்கு வந்தவள், வாசிகசாலையில் அமர்ந்து தன் கோப்புகளைத் தேடும்படி சேவையகத்தைக் கேட்டிருக்கின்றாள். பின்னர் என்னிடம் வந்து, “அக்கா, என்ரை பேரிலை ஆரோ ஒருத்தற்றை எழுத்து கிடக்குது. நான் எழுதேல்லை. ரெண்டு பக்கம் வாசிச்சுப் போட்டன், மன்னியுங்கோ” என்றாள்.

எனக்கு உடல் பதறிற்று. நிகழ்ந்தது இதுதான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எண்ணிடுதல் 1000 என்பதிலிருந்தே தொடங்கியிருந்தது. புதிய பயனர்களுக்கு லினக்ஸ் வழமையாக வழங்கும் முதலெண் அது. வெள்ளவத்தையில் 1005 மாஸ்ரர்; கொட்டாஞ்சேனையில் 1005 இந்தத் தங்கை. வீட்டு இடாப்பில் மாஸ்ரரின் வரியை நான் அழித்தபொழுது அவருடைய கோப்புகள் அழியவில்லை. அவை 1005 என்னும் எண்ணோடு அப்படியே இருந்தன. 1005 யார் எனச் சேவையகம் பொது இடாப்பைக் கேட்டது. பொது இடாப்பு தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு முதியவரின் ஐந்து ஆண்டு உழைப்பு மாத்திரம் முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்கு உடைமையாயிற்று. அவள் விரும்பியிருந்தால் ஒரே கட்டளையில் அதனை அழித்திருக்கலாம். ஒருமுறை நெருப்பில் எரிந்தது, மறுமுறை சத்தமில்லாமலே போயிருக்கும்.

அன்றிரவு வீட்டில் அம்மம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கணினியைப் பற்றி அவர் எதுவும் அறியார்; இடாப்பைப் பற்றி நன்றாக அறிவார். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பொலித்தீன் பை வைத்திருக்கின்றார். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், பழைய பொலிஸ் பதிவுத் துண்டு, மின்சாரப் பட்டியல் ஆகியன அதில் உள்ளன. யுத்த காலத்தில் கதவு தட்டப்பட்டால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான் என்பார். நம் வீட்டுச் சிறுவர்கள் பலரும் இத்தகைய பைகளைக் கண்டு வளர்ந்தவர்களே.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி அன்று அம்மம்மாவோடு பேசியது எனக்குப் பயன் தந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இவ்வட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கமே ஒதுக்கப்பட்டிருந்தமையால், 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தோர் அட்டை பெறும் வயதை அடையும் வேளையில் இடர்ப்பாடு தோன்றவிருந்தது. ஆகவே 2016ஆம் ஆண்டில் 12 இலக்க எண் அறிமுகமாயிற்று. பழைய எண்ணைப் புதிய அமைப்பில் எழுத வேண்டுமாயின், முன்னே 19 என்பதைச் சேர்த்து, தொடரிலக்கத்துக்கு முன் ஒரு பூச்சியத்தை இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் போதும். அம்மம்மாவின் எண் வேறெவருக்கும் போகாது. வேறெவரின் எண்ணும் அம்மம்மாவுக்கு வராது. ஒரு தேசத்தின் இடாப்பை விரிப்பவர்கள் செய்த இந்த எளிய கணக்கை, இரண்டு வாசிகசாலைகளை இணைத்த நான் செய்யவில்லை.

பின்பு அம்மம்மா 2007ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு யூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர், கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அப்பொழுது நான் சிறு குழந்தை. அம்மம்மா சொன்னது ஒன்றுதான்: “விடுதிக்காரருக்கு அந்தச் சனம் ஆர் ஆரெண்டு தெரியும். ஆசுப்பத்திரிக்கு வந்தது ஆர், வெளிநாட்டு அலுவலாய் வந்தது ஆரெண்டு கொப்பியிலை எழுதித்தான் வைச்சிருந்தவை. அந்தக் கொப்பியை அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை.”

அம்மம்மாவின் அந்தச் சொல் என் மனத்திற் பதிந்தது. பொது இடாப்புக்குத் தனக்குச் சொல்லப்பட்டது மாத்திரமே தெரியும். படிவம் தந்தவர் இருக்கிறார், தராதவர் இல்லை. வீட்டு இடாப்போ, மாஸ்ரர் சனிக்கிழமை வருபவர், மட்டக்களப்புக்குப் போயிருக்கிறார் என்பதை அறிந்தவர்கள் எழுதிய இடாப்பு. அந்தக் கொப்பியைக் கேளாது நான் 41 வரிகளை அழித்தேன். நம் நாட்டு வாக்காளர் இடாப்பையே எடுத்துக்கொள்வோம். கிராம சேவகர் வீடுவீடாகப் படிவம் கொடுத்து, வீட்டுக்காரர் தம் வீட்டிலுள்ளோரைத் தாமே எழுதிக் கொடுக்க, அவ்வீட்டுப் பட்டியல்களிலிருந்து அது திரட்டப்படும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. பொது இடாப்பு வீட்டு இடாப்பிலிருந்தே பிறக்கவேண்டும் என்னும் அறிவு அந்த வழக்கத்தில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இவ்வாறு கூறுவதனால் வீட்டு இடாப்பே சிறந்தது என நான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. பழுதுபார்க்கப் புகுந்தபொழுது இரண்டு உண்மைகளைக் கண்டேன். கனடாவுக்குச் சென்ற அண்ணாவின் பெயர் இரண்டு வீட்டு இடாப்புகளிலும் முழு அதிகாரத்தோடு அப்படியே இருந்தது. காலமான ஒருவரின் பெயரும் திறந்தபடி கிடந்தது. அறிமுகத்தின் பேரில் சேர்த்தவரை அறிமுகத்தின் பேரிலேயே எவரும் நீக்குவதில்லை. பொது இடாப்பாயின் ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும். கடவுச்சொல்லை ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறும். தெரிந்த முகத்துக்கு மாத்திரம் கதவைத் திறக்கும் வீடு, தெரியாத முகத்துக்கு எத்துணை தகுதியிருப்பினும் திறவாது. பொது இடாப்பு இருந்தபடியாலேதான் அந்தத் தங்கையால் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அமர முடிந்தது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே இரண்டையும் வைத்துக்கொண்டு, அவற்றிடையே நீதியான ஒழுங்கொன்றை ஏற்படுத்த முயன்றேன். காப்புப் படியிலிருந்து வெள்ளவத்தையின் பழைய இடாப்பை மீட்டு, எழுவரையும் அவரவர் எண்ணோடு மீண்டும் எழுதினேன். பொது இடாப்பிலுள்ள அனைவருக்கும் 10000க்கு மேற்பட்ட புதிய எண்களை வழங்கினேன். பின் இரண்டு சேவையகங்களிலும் ஒவ்வொரு கோப்பாகத் தேடி, பழைய எண்ணைப் புதிய எண்ணுக்கு மாற்றும் கட்டளையை இயக்கினேன். வெள்ளவத்தையில் 1005 என்பது யாருடையது, கொட்டாஞ்சேனையில் யாருடையது என்பதைத் தாளில் எழுதிச் சரிபார்த்து முடிக்க இரண்டு நாள் சென்றது. ரூற் என்னும் முதல்வரையும், அவசர வேளைக்கென ஒரு பயனரையும் வீட்டு இடாப்பில் மாத்திரம் வைத்தேன். அவர்களைப் பொது இடாப்பில் எழுதினால், இணைப்பு அறுந்த நாளில் பழுதுபார்க்க வேண்டியவரே வாயிலுக்கு வெளியே நிற்க நேரிடும்.

அந்த நாளும் விரைவிலேயே வந்தது. ஒரு மழைநாளில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலான இணைப்பு நின்றுவிட்டது. வீட்டு இடாப்பிலிருந்தவர்கள் வழக்கம்போல் நுழைந்தனர். பொது இடாப்பைச் சேர்ந்தவர்களுள் முன்பு ஒருமுறையாவது அங்கு வந்து நுழைந்தவர்களும் நுழைந்தனர். எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் இடைநிலைச் சேவை, முன்பு கண்டவரை நினைவில் வைத்துக்கொண்டு, பொது இடாப்பு எட்டாத வேளையில் அந்நினைவைக் கொண்டு அவரை ஏற்கும்படி நான் அமைத்திருந்தேன். அன்றே முதன்முறையாக வந்த ஒருவர் மாத்திரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தோம்.

இவ்வுபாயம் சிறிய வாசிகசாலைக்கு மாத்திரம் உரியதன்று. எடுறோம் என்னும் ஏற்பாட்டின் வழியே, ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் மற்றொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா வலையில் தம் சொந்தப் பெயரோடு நுழையலாம். ஐரோப்பாவில் தோன்றிய அம்முறை இலங்கையில் லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பின் மூலம் நம் பல்கலைக்கழகங்களுக்கும் கிட்டியுள்ளது. அங்கே விருந்து அளிக்கும் பல்கலைக்கழகம் வந்தவரின் கடவுச்சொல்லை அறிந்துகொள்வதில்லை. இவர் உங்களவரா என்று அவருடைய தாய் நிறுவனத்தைக் கேட்கின்றது. ஆம் என்ற விடை வந்தால் கதவு திறக்கின்றது. முன்னாளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தால், தெரிந்தவரின் கடிதமொன்றைக் கொண்டுவந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுப்பார் என அம்மம்மா சொல்வதுண்டு. எவரும் எங்கும் அந்நியராகவே நிற்கவேண்டியதில்லை; அவரை அறிந்த ஒரு வீட்டைக் கேட்கும் பொறுமை வாயிலில் இருப்பவருக்கு வேண்டும்.

நான்காம் சனிக்கிழமை மாஸ்ரர் வரவில்லை. ஞாபகம் போய்விட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருடைய முகவரி எந்த இடாப்பிலும் இருக்கவில்லை. பக்கத்து மரக்கறிக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் வழிகாட்ட, நானும் அந்தத் தங்கையும் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் கதவைத் திறந்ததும், மறந்தது நீங்களல்லர் மாஸ்ரர், அழித்தவள் நானே என்று நடந்தது முழுவதையும் ஒளிக்காமற் கூறினேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். அவருக்குக் கோபம் வரும் என எதிர்பார்த்தேன். அவர் முகத்திலே தோன்றியது பெரும் ஆறுதல். “அப்ப எனக்கு ஒண்டும் இல்லைத்தானே, பிள்ளை?” என்று இரண்டு தரம் கேட்டார். பின்னர் அந்தத் தங்கையைப் பார்த்து, எந்த இரண்டு பக்கத்தை வாசித்தாய் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

இப்பொழுதெல்லாம் ஓர் இடாப்பிலிருந்து எந்தப் பெயரை நீக்கும் முன்னரும், அப்பெயருக்குரியவரை அறிந்த ஒருவரையேனும் கேட்டுவிடுகின்றேன். அதனால் வேலை சற்றுத் தாமதமாகின்றது என நிர்வாகக் குழுவில் ஒரு முறைப்பாடு உண்டு. மாஸ்ரர் சனிக்கிழமைகளில் வருகின்றார்.